இதுவும் உதுவும்

நான் யாழ்ப்பாணம் போவதில் என் கணவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. எதற்காகப் போகிறேன் என்பதில்தான் அவருக்கு வருத்தம். "ஒரு கரப்பான்பூச்சிக்காகக் கடல் தாண்டிப் போற முதல் பொம்பளை நீதான்" என்றார். நான் சேர்த்து வைத்திருக்கும் சில்லுகளுக்கு அவர் வைத்த பெயர் அது. கறுப்பாக, தட்டையாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்களோடு இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்?

டிவியில் செருகி ஆடுகிற, கையில் வைத்து ஆடுகிற வீடியோ கேம் கருவிகளுக்கான விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்னால், கம்பெனிக்குள் வைத்துச் சோதித்துப் பார்க்க அதை எழுதிய மாதிரிச் சில்லுகள், அதாவது சிப்புகள், செய்வார்கள். மேலே ஒரு ஸ்டிக்கர், அதில் யாரோ ஒருவருடைய கையெழுத்து. சோதனை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் எல்லாரும் சொன்னபடி செய்வதில்லை. அப்படித் தப்பி வந்தவற்றைத் தேடுவதுதான் என் பைத்தியம். திருச்சியில் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு.

எங்களைப் போன்றவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஒரு நாள் டொரண்டோவிலிருந்து ஒரு பெண் ஒரு படம் போட்டிருந்தாள். "மாமா இறந்துவிட்டார். ரொம்ப காலம் முன்பு ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய சாமான்களை ஊருக்கு அனுப்புகிறோம். இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?" படத்தில் ஒரு சில்லு. அதன் ஸ்டிக்கரில் நீல மையில் தமிழில் 'இது' என்று எழுதியிருந்தது.

நாற்பதுக்கு மேல் சில்லு வைத்திருக்கிறேன். ஒன்றில்கூடத் தமிழ் கிடையாது. குழுவில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு என்ன பொருள் என்று என்னைத்தான் கேட்டார்கள். சொன்னேன். "சரி, எது?" என்று திருப்பிக் கேட்டார்கள். மாமா வேலை பார்த்த கம்பெனி ஒரு விளையாட்டை முக்கால்வாசி செய்து கைவிட்டிருக்கிறது என்பதும், அதன் பிரதி எங்கும் கிடையாது என்பதும் மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் அந்தப் பெண்ணைப் பிடிப்பதற்குள் பெட்டி யாழ்ப்பாணத்தில் குருநகரில் இருக்கும் அவளுடைய அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெசிந்தா அக்கா. இறந்துபோன யூட் அவருடைய தம்பி. போனில் நான் நல்ல தமிழில் பேச வேண்டும் என்று நினைத்து, "உங்க தம்பியோட சில்லு இருக்கா அக்கா?" என்றேன்.

"சைக்கிள் சில்லோ?" என்றார்.

அங்கே சில்லு என்றால் சக்கரமாம். பிறகு கறுப்பு, கால்கள், ஸ்டிக்கர் என்று அடையாளம் சொன்னேன். "ஓமோம், இதுவும் இருக்கு, உதுவும் இருக்கு. வந்து வடிவாப் பாருங்கோ" என்றார். நம் ஊரில் அது இது எல்லாம் இருக்கிறது என்று சொல்வோமே, அப்படி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்கு ஒருக்கால் காட்டிப்போட்டு, பிறகு கொண்டுபோங்கோ."

திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "வரும்போது அல்வா வாங்கிட்டு வா" என்றாள். இது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி, மாணவர்கள் தங்கும் அறைகளும் சந்தையும் நிறைந்த இடம் என்று விளக்கியும், "எந்தத் திருநெல்வேலியா இருந்தா என்ன, கேட்டுப் பாரு" என்றாள்.

முதல் நாள் மாலை ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் புட்டும் சொதியும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் மஞ்சளாக, காரமில்லாமல், குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஒரு குழம்பு. அதற்குத் துணைக்கு வைத்த சம்பல் அந்தக் கருணையையெல்லாம் ஈடுகட்டிவிட்டது. கண்ணில் தண்ணீரோடு டீ கேட்டேன். பால் இல்லாத டீ வந்தது. பால் வேண்டுமென்றால் முதலிலேயே பால் தேத்தண்ணி என்று சொல்ல வேண்டுமாம். அறையின் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "களைச்சுப்போய் இருப்பியள், நாளைக்குக் கதைப்பம்" என்று போய்விட்டார். என்ன கதை சொல்லப் போகிறார் என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் காலை பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். நான் நின்ற பக்கம் வந்த பஸ்ஸில் நடத்துநர், "ஏறுங்கோ, ஏறுங்கோ, இடமிருக்கு" என்று கூப்பிட்ட அன்பில் எங்கே போகிறது என்று கேட்க மறந்துவிட்டேன். உரும்பிராய் தாண்டியபோது, வெங்காயமும் புகையிலையும் நிற்கும் செம்மண் தோட்டங்களைப் பார்த்து, கடலோர ஊருக்குப் போகிற வழியில் இவ்வளவு வெங்காயமா என்று ஆச்சரியப்பட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணிதான், "பிள்ளை, குருநகர் உங்காலை இல்லை, பின்னுக்கு" என்று இறக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் பஸ் வர அரை மணி நேரம் ஆனது.

ஜெசிந்தா அக்காவின் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வாசலில் வலை காய்ந்தது. அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவர். அன்று தையல் மெஷினை மூடி, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, எதிரில் இரண்டு கதிரைகளை, நம் ஊர் நாற்காலிகளை, பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். சினிமாவுக்குக் கிளம்பியவர் போல இருந்தார் என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தம்பியைப் பார்க்கத் தயாராகியிருந்தார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"இருங்கோ ரீச்சர்" என்று, போனில் நான் சொன்ன டீச்சர் வேலையை மறக்காமல் சொல்லி, ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதன் நடுவில் அந்தச் சில்லு பளபளவென்று இருந்தது. ஸ்டிக்கரைக் காணவில்லை.

"பெட்டி கப்பலிலை வந்தது. திறந்தால் ஒரே பூஞ்சணம். அவன்ரை சட்டையெல்லாம் தோய்ச்சுப் போட்டன். இதையும் வடிவாத் துடைச்சு, மேலை ஒட்டியிருந்ததைக் கவனமா உரிச்செடுத்துப்போட்டு, மூண்டு கிழமை வெய்யிலிலை வைச்சனான். மழை இருட்டினால் ஓடிப்போய் எடுத்திடுவன்."

இந்த வகைச் சில்லின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியாக வெயில் பல நாள் உள்ளே போனால், எழுதி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டுவதே அந்தச் சன்னலை மூடத்தான். பெயர் எழுதுவதெல்லாம் பிறகு. கருவாட்டுக்கு நல்லது செய்யும் வெயில் இதற்கு எமன் என்று அக்காவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"ஸ்டிக்கர் எங்கக்கா?" என்றேன். ஒரு கொப்பியை, அதாவது நோட்டை, எடுத்துக்கொண்டு வந்தார். அதன் முதல் பக்கத்தில் அந்த 'இது' மட்டும் ஒட்டியிருந்தது. "அவன்ரை எழுத்தல்லோ" என்றார்.

கொண்டுபோயிருந்த படிக்கும் கருவியில் சில்லைச் செருகி, மடிக்கணினியோடு இணைத்தேன். அக்கா கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து திரையையே பார்த்தார். வரி வரியாக எப் எப், எப் எப், எப் எப் என்றே ஓடியது. வெறும் சில்லு அப்படித்தான் காட்டும். கால்களைத் துடைத்து மறுபடி செருகினேன். மறுபடியும் எப் எப்.

"ஒண்டும் தெரியேல்லையோ?"

"ரொம்பப் பழசுக்கா. தானாவே போயிருக்கும்."

"நான் வெய்யிலிலை வைச்சது பிழையோ?"

"சே, அதெல்லாம் இல்லக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ரீச்சர், பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் பொய் சொல்லுவியளோ?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சன்னல், வெயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, அப்பு என்று அவர்கள் கூப்பிட்ட அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

"அவன் அங்கை விளையாடிக்கொண்டு திரியுறான் எண்டு அப்பு சாகுமட்டும் சொன்னவர். ரெலிபோனிலைகூடக் கதைக்க மாட்டார். நான்தான் இல்லை, அவன் வேலை செய்யிறான் எண்டு சண்டை பிடிச்சனான். ஆனால் என்ன வேலை எண்டு எனக்கும் தெரியாது, ரீச்சர். கலியாணமும் கட்டேல்லை, வந்து பாக்கவும் இல்லை. எங்களை மறந்துபோய்த்தான் இருந்தானோ எண்டும் நினைப்பன். அவன் செய்ததை ஒருக்கால் கண்ணாலை பாத்தால் போதும் எண்டு இருந்தன்."

பிறகு, "அப்ப உதுவும் அப்பிடித்தானோ?" என்று கேட்டார். என் மடியில் இருந்த கணினியைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாக்கா, இதுவும் பழசுதான், மூணு வருஷமாச்சு" என்றேன். அக்கா மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், எனக்கு மீன் குழம்பும் சோறும் போட்டார். அவ்வளவு ருசியான குழம்பை அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு நான் சாப்பிட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால், என் துக்கத்தில் பாதி அக்காவுக்காக, பாதி எனக்காக. குழுவில் முதல் ஆளாகக் காட்டலாம் என்று இருந்தேனே.

மூன்றாம் நாள் செய்ய வேலை இல்லை. மறுநாள் விமானம். வெறுங்கையோடு போனால் கணவர் ஒரு வருடம் கேலி செய்வார். திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். அல்வா இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் கறுத்தக்கொழும்பு மாம்பழம் குவிந்து கிடந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் வியாபாரி, இந்தப் பக்கம் நான். ஒரு பழத்துக்குக் கை நீட்டினேன்.

"அது இன்னும் பழுக்கேல்லை. உதை எடுங்கோ" என்றார்.

அவர் முன்னால் இருந்த ஒன்றை எடுக்கப் போனேன்.

"இது வேறை ஆளுக்கு எடுத்துவைச்சது. நான் உதைச் சொல்லுறன். உது, உது, உங்கடை கைக்குக் கிட்டக் கிடக்கிறது!"

எதைச் சொல்கிறார் என்று விளங்காமல் விழித்தேன். அவருக்குப் பாவமாகப் போய்விட்டது. "என்னட்டைக் கிட்ட இருந்தால் இது. ரண்டு பேருக்கும் தூர எண்டால் அது. உங்களிட்டை இருக்கிறது உது. இந்தியாவிலை உது இல்லையோ?"

"இல்லைங்க."

"அப்ப முன்னாலை நிக்கிற ஆளின்ரை கையிலை இருக்கிறதுக்கு என்ன சொல்லுவியள்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள், அவற்றுள் உகரம் இப்போது வழக்கில் இல்லை என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வழக்கில் இல்லாத அந்த எழுத்தை மாம்பழ வியாபாரி மூச்சுக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போனில் சொன்னதும் நேரில் கேட்டதும் ஞாபகம் வந்தன. இதுவும் இருக்கு, உதுவும் இருக்கு. அப்ப உதுவும் அப்பிடித்தானோ?

ஒன்றல்ல, இரண்டு சில்லு. யூட் இரண்டு பிரதி எடுத்திருக்கிறார். தன்னிடம் இருப்பதில் 'இது' என்று எழுதியிருக்கிறார். அக்காவிடம் இருப்பதில் என்ன எழுதியிருப்பார்?

கையில் கிடைத்த பழங்களை வாங்கிக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஏறினேன். பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் நிதானம் எனக்கு இல்லை. பாதி வழியில் ஆட்டோ தடதடவென்று ஆடி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "சில்லுப் போச்சு அக்கா" என்றார். நான் அலறி, பையைத் திறந்து கருவியைத் தடவிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். மீதித் தூரத்தை மாம்பழங்களோடு வேகாத வெயிலில் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன்.

"அக்கா, உது இருக்கா?" என்று வாசலிலேயே மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஓம், முதலே சொன்னனே. நீங்கள்தானே அதுவும் பழசாப் போச்சு எண்டு சொன்னனீங்கள்?"

"வெயில்ல வச்சீங்களா?"

"அதுக்குப் பூஞ்சணம் பிடிக்கேல்லையே. எத்தினையோ வருசமா லாச்சிக்குள்ளைதான் கிடக்கு."

தையல் மெஷினின் லாச்சியை, அதாவது இழுப்பறையை, இழுத்தார். நூல்கண்டுகளுக்கும் பொத்தான்களுக்கும் பின்னால், சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் மடித்து ஒரு பொட்டலம். போர் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் ஊருக்கு வந்த ஒருவரிடம் யூட் கொடுத்துவிட்டாராம். பிறகு போனில், "அக்கா, இது என்னட்டை இருக்கு. உது உன்னட்டை இருக்கட்டும். ஒண்டு துலைஞ்சாலும் மற்றது இருக்கும்" என்றாராம். பிரித்தேன். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதே நீல மையில், அதே கையெழுத்தில், 'உது'.

செருகினேன். எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும், சுவரில் இருந்த அக்காவின் மாதாவையும் சேர்த்துக் கும்பிட்டேன். திரையில் எண்களும் எழுத்துகளும் கலந்து கலந்து ஓடின.

"என்ன சொல்லுது?" என்றார் அக்கா.

"பேசுதுக்கா!"

"கதைக்குதோ?" என்று சொல்லிவிட்டு அவர் கதிரையில் உட்கார்ந்தார். இந்த முறை நல்ல சேலை இல்லை, தோளில் அளவு நாடா தொங்கியது.

அந்தப் பழைய கேம் கருவியைப் போலவே நடிக்கிற மென்பொருளில் விளையாட்டை ஓட்டினேன். சின்னச் சாம்பல் நிறத் திரை. இருண்ட கடல், அலை, பாறைகள், ஒரு சிறு படகு. பாறையில் மோதாமல் படகைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நான் சில்லு சேர்ப்பவளே தவிர விளையாடத் தெரிந்தவள் இல்லை. மூன்று தரம் மூழ்கினேன். "வலப்பக்கம் வெட்டுங்கோ! உதிலை கல் கிடக்கு!" என்று அக்கா கத்தினார். நாலாவது தரம் கரை தெரிந்தது.

கரையில் ஒரு பெண் பிள்ளை, இரட்டைப் பின்னலோடு, கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு வரத் தாமதமானால் அவள் விளக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் மாற்றினாள். இத்தனை சின்ன விளையாட்டில் இதற்கென்று தனியாகப் படம் வரைந்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. விளையாட்டுக்கு அது தேவையே இல்லை.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் மடியிலிருந்த திரையை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உது நான்" என்றார்.

"அப்பு வரப் பிந்தினால் நான்தான் லாம்பு கொண்டுபோய் நிக்கிறனான். அவன் என்ரை பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். அது சரியான பாரம், ரீச்சர். கை நோகும். மாத்தி மாத்திப் பிடிப்பன். நோகுதெண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதே இல்லை."

அதன் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். படகு பாறையில் மோதி மூழ்கியது. இருவருமே கவனிக்கவில்லை.

மாலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து அக்கா 'உது'வை என் பக்கம் நகர்த்தினார். "சொன்ன சொல்லு. கொண்டுபோங்கோ" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது வேண்டும் போலத்தான் இருந்தது. உலகத்தில் ஒரே ஒரு சில்லு. ஆனால் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோனால் அதில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும்.

"அக்கா, அந்த வெயில்ல காஞ்சதைக் குடுங்க" என்றேன்.

"அதுதான் ஒண்டுமில்லாமல் போச்சே?"

"ஒண்ணுமில்லாமப் போனாத்தான் திரும்ப எழுத முடியும். கம்பெனியில அழிக்கிறதுக்குன்னே ஒரு விளக்கு வச்சிருப்பாங்க. நீங்க மூணு வாரம் செலவில்லாமச் செஞ்சு வச்சிருக்கீங்க."

கருவியை எழுதும் நிலைக்கு மாற்றி, 'உது'விலிருந்து எடுத்ததை அந்த வெறும் சில்லில் எழுதினேன். சரிபார்த்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. கணினியிலும் ஒரு பிரதி வைத்து, அக்காவின் மகளுக்கு டொரண்டோவுக்கு அனுப்பினேன். சேகரிப்பாளர் கணக்கில் இந்தச் சில்லுக்கு இனி மதிப்பில்லை, திரும்ப எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கட்டும்.

அக்கா கொப்பியைத் திறந்தார். கொஞ்ச நேரம் அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு துணி வெட்டும் கத்தரிக்கோலால் அதைச் சுற்றிக் கவனமாக வெட்டி, பசை தடவி, சில்லின் சன்னலின் மேல் ஒட்டி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். "வெய்யில் படாமல் வைச்சிருங்கோ" என்று எனக்கே புத்தி சொன்னார். 'உது' வெள்ளித்தாளுக்குள் போய், லாச்சிக்குள் போனது.

மறுநாள் பலாலி விமான நிலையத்தில் என் பையைச் சோதித்த பெண் மாம்பழங்களை விட்டுவிட்டார். ஒரு சின்ன டப்பாவைத் திறக்கச் சொன்னார். சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"உது என்ன அக்கா?"

நம் ஊர்க்காரி யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியில் திணறியிருப்பாள். எனக்கு இப்போது பதில் தெரியும்.

"உது இல்லைங்க" என்றேன். "உது குருநகர்ல யூட்டோட அக்காகிட்ட பத்திரமா இருக்கு. இது 'இது'."